தூக்கிப் பார்த்து வாங்கிய மெஷின்

அண்ணா,

இன்று காலை என் மருமகள் புது மிக்ஸியில் இட்லிக்கு உளுந்து அரைத்தாள். பாதி அரைபடுவதற்குள் வீடு முழுக்க அந்த வாசனை. மோட்டார் சூடாகி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் வார்னிஷ் கருகும்போது வருமே, அது. "போன வாரம்தான் வாங்கனது அத்தை, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வாங்கும்போது கடைக்காரன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "தூக்கிப் பாருங்க மேடம், செம வெயிட்டு, நல்லா உழைக்கும்னு சொன்னாரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் மூளை மட்டும் இந்த ஊரைவிட்டுப் போகாமல் கடைகடையாக உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தவரை நாலு தெரு தள்ளித்தான் இருந்தாய். எதற்கு எழுத வேண்டும்? நேரில் வந்து திட்டுவதே எனக்குச் சௌகரியமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் அப்பாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். போகும்போது மைக் செட் கடையை இரண்டாகப் பிரித்தாரே, எந்த மனிதனாவது அப்படிப் பிரிப்பானா? "செட்டு பையனுக்கு, பிளேட்டு பொண்ணுக்கு." அவ்வளவுதான் உயில். ஆம்ப்ளிஃபையர், தட்டு சுற்றுகிற பிளேயர், நாலு ஹாரன், மைக், வயர் எல்லாம் உனக்கு. டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் எனக்கு. நான் இல்லாமல் உன் ஹாரன் வெறும் தகரம். நீ இல்லாமல் என் தட்டுகள் வெறும் கறுப்பு வட்டம். அண்ணனும் தங்கையும் பிரியக் கூடாது என்று மகா யோசனை செய்திருக்கிறார். ஒரு முட்டாளோடு என்னை ஆயுசுக்கும் கட்டிப்போட்டது அவர் யோசனையில் வரவில்லை.

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்த பிறகு நான் கடைக்கு வந்துவிடுவேன். நம் பிள்ளையார்பாளையத்தில் இசைத்தட்டு வைத்துப் பிழைப்பது லேசான காரியமில்லை. விடிந்தால் தறிக்குப் போகிற பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அது காய்ந்து பொடியாகப் பறக்கும். வீட்டுக்குள் பட்டுத் தூசி. போகிற இடத்தில் பந்தல் மண். இத்தனையும் தட்டின் கோட்டுக்குள் இறங்கும். நான் பழைய பட்டுத் துணியை வெட்டி வைத்துக்கொண்டு கோடு போகிற திசையிலேயே வட்டமாகத் துடைப்பேன். நீ தோள் துண்டை எடுத்துக் குறுக்கே ஓர் இழுப்பு இழுப்பாய், ஓட்டலில் டேபிள் துடைப்பவன் மாதிரி.

அதையாவது மன்னிக்கலாம். அந்த ஆயுத பூஜையை எதில் சேர்ப்பது? ஆம்ப்ளிஃபையருக்குப் பொட்டு வைத்தாய், ஹாரனுக்கு வைத்தாய், மூங்கில் கழிக்கு வைத்தாய், சரி. நான் பொரி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பாட்டு ஓடுகிற கோடுகளின் மேலேயே! நான் கத்தினேன்.

"சாமி பொட்டும்மா. அதுல இன்னா குத்தம்?" என்றாய்.

"வெக்கறதுதான் வெச்சே, நடுவுல காயிதம் ஒட்டியிருக்குதே, அதுல வெச்சிருக்கக் கூடாதா?"

"அதுல வெச்சா பாட்டு பேரு மறைஞ்சிடும்மா" என்று எனக்குப் புத்தி சொன்னாய்.

சந்தனம் காய்ந்து கோட்டுக்குள் சிமெண்ட் போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டது. அடுத்த முகூர்த்தத்தில் ஹாரனில் பாட்டுக்கு முன்னால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பந்திக்குள் யாரோ அப்பளக் கூடையை மிதித்துவிட்டதாக நினைத்து ஒருவர் சமையல்காரரைத் திட்டப் போய்விட்டார். என் பட்டுத் துணிக்கு அந்தச் சந்தனம் அசையவில்லை. துடைக்கத் துடைக்க இன்னும் உள்ளே போனது.

அப்போதுதான் நீ மெஷின் பேச்சை எடுத்தாய். "மெட்ராஸ்ல வேக்வம் மெஷின் இருக்குதாம்மா. பிளேட்ட நனைச்சி பிரஷ் போட்டா அழுக்கு ஊறி மேல வந்துடும். அப்பால மெஷினு தண்ணியோட உறிஞ்சிக்கும். பெரிய கம்பெனில எல்லாம் அப்படித்தான் பண்ணிக்கினு இருக்கறாங்களாம்." உன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான யோசனை. நிச்சயம் வேறு யாரோ சொல்லிக் கேட்டதுதான். துணி அழுக்கைத் தள்ளத்தான் செய்யும், உறிஞ்சினால்தான் வெளியே வரும் என்று எனக்கும் பட்டது. தட்டு என்னுடையது, ஆகவே மெஷினை நான்தான் பொறுக்குவேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாய்.

பட்டணத்தில் அந்தப் பழைய மின்சாமான் கடை ஞாபகமிருக்கிறதா? கடைக்கார பாய் நம் தொழிலைக் கேட்டதும் இரண்டு மெஷின் எடுத்து வைத்தார். ஒன்று சின்னது. பல் டாக்டர் ஒருவரிடமிருந்து வந்தது. பல் பிடுங்கும்போது வாயில் ஊறுகிற நீரை உறிஞ்ச வைத்திருந்தாராம். குழாய்க்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. தண்ணீர் அதிலேயே விழுந்துவிடும், மோட்டார் பக்கம் ஒரு சொட்டு போகாது. வாயும் ரப்பர் வாய். இன்னொன்று ஏதோ துரை பங்களாவில் கம்பளம் சுத்தம் செய்த இரும்பு மெஷின். பன்றிக்குட்டி மாதிரி வயிறு. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேண்டுமானால் நடுவில் ஒரு டப்பா வைத்து, முன்னால் பித்தளை வாய் செய்து, தட்டில் உரசாமல் இருக்க வெல்வெட் துணி ஒட்டித் தருகிறேன் என்றார் பாய்.

நான் பையிலிருந்து ஒரு பழைய எல்.பி. தட்டை எடுத்து நனைத்து வைத்தேன். சின்ன மெஷினைப் போடச் சொன்னேன். "ஒரு பக்கம் பாட்டு ஓடற நேரம் நிறுத்தாம ஓடட்டும் பாய்" என்றேன். அதுதானே நம் கணக்கு? ஒரு தட்டு ஓடி முடிவதற்குள் அடுத்த தட்டு தயாராக வேண்டும். அவ்வளவு நேரமும் ஓடிய பிறகு மேலே கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட குழந்தை நெற்றி மாதிரி லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மோட்டாருக்குள் இருக்கும் கரி தேய்ந்தால் எங்கே மாற்றுவது என்று கேட்டேன். எந்த ஊர் மோட்டார் கடையிலும் கிடைக்கிற கரிதான் என்று கழற்றியே காட்டினார். "இந்த அம்மாவுக்கு மிஷின் தெரியுது சார்" என்று உன்னிடம் சொன்னார். உன் முகம் அந்த நிமிஷமே சுருங்கிவிட்டது. நான் பார்த்தேன்.

நீ சின்ன மெஷினை ஒரு கையால் தூக்கினாய். "இன்னா பாய் இது, தக்கையாட்டம் இருக்குது." பிறகு இரும்பு மெஷினை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். கழுத்து நரம்பு புடைத்தது. "கனம் பாரும்மா! இது பேரன் காலத்துக்கும் உழைக்கும்."

நம் ஊர் வியாதி அது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் முதலில் புடவையை உள்ளங்கையில் ஏந்தி அசைத்துப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல பட்டு, நல்ல ஜரிகை, தலைமுறைக்கும் இருக்கும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எது கனமோ அது உழைக்கும் என்று உன் மண்டையில் ஏறிவிட்டது. புடவைக்கு ஜரிகை கனம், மெஷினுக்கு வெறும் இரும்பு கனம், இரும்பா அழுக்கை உறிஞ்சப் போகிறது என்று கேட்டேன். உடனே வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாய்.

"ஊருபட்டவன் எச்சிய உறிஞ்சின மெஷினும்மா அது. மங்கள வாத்தியம் வாசிக்கற பிளேட்டு மேல அத்த வெக்கச் சொல்றியா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் கடையிலேயே உன் மானத்தை வாங்கியிருக்க வேண்டும். வெளியாள் எதிரில் வேண்டாம் என்று விட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். பஸ் மேல் அந்தப் பன்றியை ஏற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். புறப்படும்போது பாய் என்னிடம்தான் சொன்னார்: "வெல்வெட்டு கயண்டுதுன்னா செருப்பு தைக்கறவர்கிட்ட ரப்பர் பசை வாங்கி ஒட்டும்மா. வேற எதுவும் தண்ணிக்கு நிக்காது." நீயும் பக்கத்தில்தான் நின்றாய். மெஷினைக் கயிறு போட்டுக் கட்டுவதிலேயே உன் கண் இருந்தது.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் அந்தச் சனியன் நன்றாகவே உறிஞ்சியது. சந்தனம் ஊறி வந்தது, கஞ்சிப் பொடி வந்தது, அப்பா காலத்து அழுக்கெல்லாம் வந்தது. என் தட்டுகள் புதிதாக வாங்கியவை மாதிரி பாடின. நீ ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குவாய். ஒன்றும் சொல்ல மாட்டாய், புருவம் மட்டும். என் வாழ்க்கையில் அந்த இரண்டு மாதம் மாதிரி எனக்குக் கசந்த காலம் வேறில்லை. நீ தப்பு செய்தால் எனக்குப் பழக்கம். நீ சொன்னது சரியாக இருந்தால் அதை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் வெல்வெட் ஓரத்தில் கழன்று தொங்க ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த ஓரிக்கைக் கல்யாணம் வந்தது. விவசாயக் குடும்பம். ஊரெல்லாம் ஒரே முகூர்த்தம் என்பதால் மேளக்காரர்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. பெண்ணின் அப்பா உன்னிடம் வந்து, "உன் பிளேட்டத்தான்பா நம்பி இருக்கறேன். தாலி கட்டற நேரத்துல கெட்டி மேளம் நீதான் போடணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நம்மிடம் இருந்ததிலேயே சுத்தமான நாதஸ்வரத் தட்டு அது. நான் என் பிள்ளையைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

வெல்வெட்டை நீ எதை வைத்து ஒட்டினாய்? கஞ்சி. பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி! சுவரில் காகிதம் ஒட்டவும் கஞ்சி, பட்டம் ஒட்டவும் கஞ்சி, உறை கிழிந்தால் கஞ்சி, உனக்கு வேறு பசை உலகத்தில் உண்டா? தண்ணீர் பட்டால் கஞ்சி கரையும் என்று நெசவுத் தெருவில் பிறந்த யாருக்குத் தெரியாது? நனைத்து நனைத்து உறிஞ்சுகிற மெஷினுக்குக் கஞ்சி வைத்து ஒட்டிய ஒரே அறிவாளி இந்தச் சீமையில் நீதான்.

அதோடு விட்டாயா? மெஷினை ஓரிக்கைக்கே கொண்டுவந்து, காலையில் பந்தல் நடுவில் பெஞ்சு மேல் வைத்தாய். பாலாற்று மணல் பறக்கிறது, தட்டை இங்கேயே சுத்தம் செய்கிறேன் என்றாய். அது காரணம் இல்லை, ஊர் பார்க்க வேண்டும். பார்க்கவும் செய்தது. நனைத்தாய், பிரஷ் போட்டாய், பித்தளை வாயை வைத்து விரலால் தட்டைச் சுற்றினாய். முதலில் 'உய்ங்' என்ற சத்தம் வந்தது. இரண்டாவது சுற்றில் 'கிரீச்' என்றது. உனக்குக் கேட்கவில்லை. "இது துரை வீட்டு மெஷினு" என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாய். முடித்துவிட்டுத் தட்டை வெயிலில் தூக்கி, "பளபளன்னு இருக்குது பாருங்க" என்றாய். அது பளபளத்தது கீறலால் என்று எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நீ முள்ளை வைத்தாய். கெட்டி மேளம் ஜோராகத்தான் ஆரம்பித்தது. மூன்று முடிச்சும் விழுந்தது, மேளம் நிற்கவில்லை. அட்சதை போட்டு முடித்தார்கள், நிற்கவில்லை. முள் கீறலில் மாட்டிக்கொண்டு, அதே நாலு அடியை நாலு ஹாரனிலும் திரும்பத் திரும்ப அடித்தது. மாப்பிள்ளை இன்னும் ஒரு முடிச்சு போட வேண்டுமோ என்று கையைத் திரும்பக் கொண்டுபோக, ஐயர் அவர் கையைத் தட்டிவிட்டார். பின்னால் சிரிப்பு கிளம்பியது. முன்வரிசைக் கிழவிகள் சிரிக்கவில்லை, 'சகுனம்' என்று முணுமுணுத்தார்கள். அது மணப்பெண் காதில் விழுந்துவிட்டது. அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கறே? உன்ன நம்பனேனே!" என்று பெண்ணின் அப்பா உன் சட்டையைப் பிடித்தார். "இது பிளேட்டா, இல்ல கருமாதிக்கு வெச்சிருந்ததா?"

நீ முள்ளைத் தூக்கிவிட்டு மைக்கை எடுத்தாய். நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவில் இருக்கிறது. "எல்லாரும் மன்னிக்கணும். சகுனம் ஒண்ணும் இல்ல. பிளேட்டு மேல தப்பு இல்ல. அது என் தங்கச்சி பிளேட்டு, நல்ல பிளேட்டு. தங்கச்சி அப்பவே வேற மெஷினு வாங்குன்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல. இப்ப பசை உட்டுப்போயி நான்தான் கீறிட்டேன். பொண்ணு அழக் கூடாது. தப்பு என்னுது." செவிலிமேடு வரைக்கும் கேட்டிருக்கும். ஹாரனை நீ எப்போதும் உயரமாகத்தான் கட்டுவாய்.

பிறகு உனக்கு ஓரிக்கைப் பக்கம் ஒரு கல்யாணமும் வரவில்லை, தாமல் பக்கமும் வரவில்லை. வந்த நாலைந்துக்கும், "எந்த பிளேட்டுன்னு நீயே எடுத்துக் குடும்மா" என்று என் வாசலில் வந்து நிற்பாய். மெஷின் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பேன். அந்த மெஷினை உன் வீட்டுத் தறிக்கடியில் பட்டுத் தூசி எடுக்க வைத்துக்கொண்டாய். அது கெட்டுப்போகும் என்று நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். கடைசிவரை கெடவில்லை, அந்த வெட்கங்கெட்ட இரும்பு. கேசட் வந்து நம் இருவர் பாகத்தையும் ஒன்றாகக் குப்பையில் போட்டபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் சும்மா இருந்தேனா? அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னேன். தெருக்குழாயில் சொன்னேன், வளைகாப்பில் சொன்னேன், உன் மகள் கல்யாணத்தில் உன் சம்பந்தியிடமே சொன்னேன். பல் டாக்டர் மெஷினில் ஆரம்பித்து, கனம் பார்த்ததைச் சொல்லி, "கடைசில எங்க அண்ணன் வெல்வெட்ட எத்த வெச்சி ஒட்டிச்சு தெரியுமா? கஞ்சி!" என்று முடிப்பேன். அந்த இடத்தில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நீயும் ஓரமாக உட்கார்ந்து சிரிப்பாய். அப்படிச் சிரிக்கும்போது ஒரு தடவை மட்டும் என்னை நிமிர்ந்து பார்ப்பாய். எத்தனை வருஷம்! ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பார்ப்பாய்.

உன் காரியத்துக்கு மறுநாள் அண்ணியிடம் பேச்சுக்கு அந்தக் கஞ்சியைச் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. "அவரு எங்கிட்ட அத்த சொன்னதே இல்ல. பசைன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. கஞ்சின்னு நீ சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும். உனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார்கள்.

யாரும் சொல்லவில்லை அண்ணா. ஓரிக்கைக் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் தட்டின் உறை எடுக்கக் கடைக்கு வந்தேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் கிண்ணம். விரலில் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெல்வெட்டை நீவி நீவி ஒட்டிக்கொண்டிருந்தாய். "அது ஊறிடும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அந்தப் புருவம் ஞாபகம் வந்தது. ஊர் பார்க்க நீ தோற்க வேண்டும் என்று இருந்தது. என் தட்டு போனாலும் பரவாயில்லை என்று இருந்தது. உறையை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டேன்.

அந்தப் பெண் அழுதது என்னால். உன் தொழில் போனது என்னால். கஞ்சி என்று நான் அந்தக் கதையை முடித்த ஒவ்வொரு தடவையும், அன்று நான் கடை வாசலில் நின்று பார்த்ததை நானே உனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் தடவையே உனக்குப் புரிந்திருக்கும். அத்தனை வருஷமும் என் தட்டுக்காக என் வாசலில் வந்து நின்றாய். "ஏம்மா சொல்லல?" என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். இப்போது தினமும் நானே கேட்டுக்கொள்கிறேன், என் பதிலைக் கேட்க எதிரில் நீ இல்லை.